வஞ்சித்துப் பெறும் வெற்றி

விளையாட்டில் வஞ்சனை செய்து வெல்லுதல் எக்காலத்தேனும் பயனுடையதாகுமா? அமெரிக்க ஐக்கிய நாட்டிலே சர்வகலாசாலைகளில் நடைபெறும் உதைபந்தாட்டத்தைப் பற்றி இவ்வினா நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருகின்றது. அண்மையிற் சில ஆண்டுகளாகப் பெரிதுங் கேட்கப்படுகின்றது. அது தூரதேசத்து விவகாரம், அதனால் நமக்கென்னை என்று விடற்பாலதன்று. மாணாக்கரைப் பரீட்சை மண்டபத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் அழைத்துச் செல்லுங் கை ஒன்றே, அக்கை உபாத்தியாயருடையது. வினா ஒரு பந்தைப் பற்றி எழுந்ததாயினும், அதற்கு விடைகூறக் கடமைப்பட்டோர் அங்கும் ஆசிரியரே என்பது மேற்கூறுவனவற்றால் விளங்கும்.

அவ்வாட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. பந்து முட்டை வடிவினது. காலால் உதைப்பது சிறிது. கையால் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே பெரிது. பக்கத்துக்குப் பதினொருவர் நிற்பர். பந்தை உடைய பக்கத்தாருக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்நான்கனுள் பத்து யார் தூரம் முன்னேறல் வேண்டும். முன்னேறாவிடிற் பந்து எதிரிகளுக்குரியதாகும். நான்கு என்னும் இவ்வெண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. பின்னர் அது வேண்டப்படும். மிச்சிகன் சர்வகலாசாலையின் மைதானத்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட சனங்கள் அமர்ந்து இவ்வாட்டத்தைப் பார்க்கின்றனர். பல மாகாணங்களில் அரசாங்க ஊழியராய் எண்ணப்படுவோருள் மிகப் பெரிய சம்பளம் பெறுபவர் ஆளுநருமல்லர், நீதிபதியுமல்லர், சர்வகலாசாலைத் தலைவருமல்லர், உதைபந்தாட்டப் பயிற்சியாசிரியரே. அவர் சில ஆண்டுகள் தொடர்ந்து தோற்பாராயின் அவருடைய உத்தியோகம் போய்விடும். இத்துணைப் பொருளும் புகழும் ஒரு பந்தின்மேல் ஏற்றி வைக்கப்பட்டவிடத்து வஞ்சனை புகாதிருக்குமாயின் அதுவன்றோ வியப்பு.

இது புதிய நோயுமன்று. இவ்வாட்டத்தின் முதற் கல்லூரிப் பந்தயம் 1869ஆம் ஆண்டில் றட்கர்ஸ், பிரின்ஸ்ரன் என்னும் இரு கல்லூரிகளுக்கிடையே நடந்தது. அதன்பின் முப்பது ஆண்டு செல்லுமுன்னரே, 1896இல், பீல்டிங் யோஸ்ற் என்பவர் மேற்கு வேர்ஜீனியாச் சர்வகலாசாலை மாணாக்கராயிருந்தும், லபயற் கல்லூரியிற் பெயர் பதிந்து, பென்சில்வேனியாச் சர்வகலாசாலைக்கு எதிரே அக்கல்லூரிக்காக ஆடி, அதன் வெற்றிக்குத் துணைபுரிந்து, அப்பால் தாம் இருந்த இடத்துக்கே திரும்பிவிட்டார். இவரே பிற்காலத்தில் மிச்சிகனிற் கீர்த்திபெற்ற பயிற்சியாசிரியரானார். 1905ஆம் ஆண்டில் மைதானத்தில் நேர்ந்த மரணங்களைக் கண்டு நாட்டின் அதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் பெரிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை வரவழைத்து எச்சரித்தார். அதனை அடுத்து 1906இற் கல்லூரிகள் கூடி அமைத்த சபையே இன்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமென வழங்குவது. 1929இற் கார்ணகி ஸ்தாபனம் வெளியிட்ட நீண்ட அறிக்கை, தான் ஆராய்ந்த கல்லூரிகளுட் பெரும்பாலானவற்றில் ஆட்டக்காரருக்கு மறைவாகவோ வெளிப்படையாகவோ பொருளுதவி நடந்தமையை எடுத்துக்காட்டிற்று. விதியும் விதிமீறலும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒருங்கு வளர்ந்தன என்க.

இனி வினாவுக்கு வருவாம். பயனுடையதா என்று கேட்பது வணிகர் கேட்கும் வினா. ஆதலின் முதலில் வணிகரைப்போலவே வரவுசெலவுக் கணக்கைப் பார்ப்பதே முறையாகும். பார்க்குமிடத்து, நம் பாடப்புத்தகங்களிற் கதைகளின் ஈற்றிற் சொல்லப்படுவது போன்ற கணக்கு அங்கே கிடைப்பதில்லை.

டெக்ஸாஸ் மாகாணத்து டலஸ் நகரிலே தென் மெதடிஸ்தச் சர்வகலாசாலை என்றொன்று உளது. 1982ஆம் ஆண்டில் அதன் குழு ஒரு பந்தயத்திலேனுந் தோற்கவில்லை. அக்காலத்தே அச்சர்வகலாசாலையின் அபிமானிகளாகிய செல்வர்கள் ஆட்டக்காரருக்கு இரகசியமாகப் பணங் கொடுத்து வந்தார்கள். மாணாக்க ஆட்டக்காரர் கூலி பெறலாகாதென்பது அக்காலத்து விதி. சங்கத்தார் தண்டித்தனர், இனிச் செய்யோமென்று வாக்குக் கொடுக்கப்பட்டது, கொடுத்த பின்னரும் பதின்மூவருக்கு 61,000 டொலர் வரையிற் கொடுபட்டது. 1987ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திற் சங்கத்தார் அக்குழு ஓராண்டு முழுவதும் ஆடாவண்ணம் தடுத்தனர். அடுத்த மாதத்தில் வெளிப்பட்ட செய்தி அதனினும் பெரிது. சர்வகலாசாலையின் பரிபாலன சபைத் தலைவராயிருந்து அப்பொழுது மாகாணத்தின் ஆளுநராயுமிருந்த பில் கிளெமன்ற்ஸ், அப்பணம் தொடர்ந்து கொடுபடுவதைத் தாமும் அறிந்து உடன்பட்டதாக ஒப்புக்கொண்டார். பையன்களுக்கு முன்னரே சொல்லிய சொல்லைக் காத்தல் வேண்டுமென்பது அவர்கள் கருத்து. வஞ்சனை செய்வதாகக் கொடுத்த வாக்குத் தவறாமையும் ஒரு வாய்மையாக எண்ணப்பட்டது காண்க.

அக்குழு 1988ஆம் ஆண்டிலும் ஆடாது விட்டு, 1989இல் மீண்டும் மைதானத்துக்கு வந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் முதலாம் வருஷத்துச் சிறுவர்கள். ஹியூஸ்ரன் சர்வகலாசாலை அவர்களை 95க்கு 21 என்ற கணக்கில் தோற்கடித்தது. பருவ முடிவில் நடைபெறும் சிறப்புப் பந்தயமொன்றுக்கு அக்குழு மறுபடி அழைக்கப்பட்டது 2009ஆம் ஆண்டிலேயாம். பணம் வாங்கியவர் வாங்கிய காலத்தில், 1989இல் அடிபட்ட சிறுவர் இன்னும் உயர்தரப் பாடசாலைகளிற் படித்துக்கொண்டிருந்தவர். வாங்கினோர் வேறு, கொடுத்தோர் வேறு, அனுபவித்தோர் வேறு. கணக்கில் இவ்வொன்றை அடிக்கோடிட்டு வைப்போமாக.

தென் கலிபோர்னியாச் சர்வகலாசாலையின் வரலாறும் இதற்கு இனமானதே. அதன் தலைசிறந்த ஓட்டக்காரர் றெஜி புஷ் 2005ஆம் ஆண்டில் ஹைஸ்மன் பரிசு பெற்றார். அவருங் குடும்பத்தாரும் விதிக்கு மாறாகப் பொருளுதவி பெற்றமை பின்னர் வெளிவந்தது. சங்கத்தார் 2010ஆம் ஆண்டு யூன் மாதத்தில் 14 வெற்றிகளை ஏட்டினின்றும் நீக்கினர். முப்பது உபகாரச் சம்பளங்களைக் குறைத்தனர். இரண்டாண்டு சிறப்புப் பந்தயங்களையுந் தடுத்தனர். அத்தண்டனை வந்தபோது புஷ் தொழில்முறை ஆட்டக்காரராய்ப் பெரும்பொருள் ஈட்டிக்கொண்டிருந்தார். பயிற்சியாசிரியர் பீற் கரொல் அவ்வாண்டு தொடக்கத்திலேயே வேறொரு நகரத்துத் தொழில்முறைக் குழுவுக்குப் போய்விட்டார். தண்டனை அனுபவித்தவர், அவர்கள் போனபின் வந்து அவர்கள் விட்ட இடத்தில் நின்ற மாணாக்கர்.

மூன்றாவது கணக்கு வணிகர்க்கு உவப்பானது, அது மிச்சிகனுக்குரியது. பயிற்சியாசிரியர் மைதான ஓரத்தில் நின்று கையசைவினாலும் படப்பலகைகளினாலும் அடுத்த ஆட்டமுறையைத் தம் குழுவுக்கு அறிவிப்பார். ஆடும்பொழுதே அச்சைகைகளை எதிரிகள் கண்ணாற் பார்த்து ஊகித்தறிதல் குற்றமன்று. ஆயின் பின்னர் எதிர்க்கப்போகும் குழுவின் பந்தயங்களுக்கு முன்கூட்டியே ஆளனுப்பி வேவுபார்த்தல் 1994ஆம் ஆண்டு தொடக்கம் விலக்கப்பட்டுள்ளது. மிச்சிகன் குழுவின் ஊழியர் ஒருவர் முப்பதுக்கு மேற்பட்ட பந்தயங்களுக்குத் தம் பெயரிலேயே நுழைவுச்சீட்டு வாங்கிப் பிறரை அனுப்பி, சைகைகளைத் தொலைபேசிக் கருவியிற் படம்பிடிப்பித்தார் என்பது 2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வெளிப்பட்டது. தலைமைப் பயிற்சியாசிரியர் ஜிம் ஹார்போ வழக்கமான பருவத்தின் கடைசி மூன்று பந்தயங்களுக்கு மைதானத்தினின்றும் விலக்கப்பட்டார். குழுவோ பதினைந்து பந்தயங்களிலும் வென்று, 2024ஆம் ஆண்டு யனவரி 8ஆம் திகதி வாஷிங்ரன் சர்வகலாசாலையை 34க்கு 13ஆகத் தோற்கடித்துத் தேசிய வெற்றிப்பட்டத்தை எடுத்துக்கொண்டது. அம்மாதத்திலேயே ஹார்போ தொழில்முறைக் குழுவொன்றுக்குச் சென்றார். 2025ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திற் சங்கத்தார் தீர்ப்புக் கூறினர்: சர்வகலாசாலைக்குக் கோடிக்கணக்கான டொலர் அபராதம், ஹார்போவுக்குப் பத்தாண்டுக் கல்லூரித் தடை. தொழில்முறைக் குழுவில் இருப்பவருக்குக் கல்லூரித் தடையால் நேரும் நட்டம் யாதோ அறியோம். வெற்றிப்பட்டம் பறிக்கப்படவில்லை, அது மிச்சிகனிலேயே இருக்கின்றது.

ஆகவே, வஞ்சித்தவன் வாழான், களவு வெளிப்பட்டே தீரும் என்று மாணாக்கர்க்குச் சொல்லி விடுவோமாயின், நாம் அவர்களுக்குப் பொய் சொல்லுகின்றோம். சிறுவர் இதனை விரைவிற் கண்டுபிடிப்பர். பார்த்தெழுதிச் சித்தியடைந்தவனைத் தம் வகுப்பிலேயே அவர்கள் அறிவார்கள். தண்டனையை ஆதாரமாகக் கொண்டு கட்டிய அறம், தண்டனை வாராத முதல் நாளிலே இடிந்து வீழும். வீழும்போது நாம் சொல்லிய மற்றை நல்லனவற்றையுங் கூடக் கொண்டு போகும். உபாத்தியாயர் பலர் இவ்வெளிய வழியையே பற்றி நிற்றல் எமக்கு உடன்பாடன்று.

அங்ஙனமாயின் வஞ்சனையை எதனால் விலக்குவது? அதற்கு முன் வஞ்சனை யாதென வரையறுத்துக் கொள்ளல் வேண்டும். ஆட்டமென்பது பெரும்பாலும் எதிரியை ஏமாற்றுதலே. வலப்புறம் ஓடுவான்போற் காட்டி இடப்புறம் ஓடுகின்றான். எறிவான்போற் காட்டி எறியாது விடுகின்றான். 1903ஆம் ஆண்டிலே, பென்சில்வேனியாவிலிருந்த கார்லைல் இந்தியர் பாடசாலை, அஃதாவது அமெரிக்கப் பழங்குடிச் சிறுவர்க்கென நடத்தப்பட்ட பாடசாலை, செல்வாக்கு மிக்க ஹார்வர்ட்டை எதிர்த்து ஆடியது. அதன் பயிற்சியாசிரியர் வோர்ணர் ஒருவனுடைய மேற்சட்டையின் கீழ்விளிம்பில் இழுபடும் நாடா தைப்பித்திருந்தார். பந்து வந்ததும் பிள்ளைகள் கூடிச் சூழ்ந்து, அதனை அவன் முதுகுப்புறத்துச் சட்டைக்குள் நுழைத்துவிட்டு, யாவரும் பந்தை வைத்திருப்பார்போல் நாற்றிசையும் ஓடினார்கள். ஹார்வர்ட் பிள்ளைகள் அவர்களைத் துரத்த, சட்டைக்குட் பந்துடையவன் கை வீசிக்கொண்டு ஓடி இலக்குக் கோட்டைக் கடந்தான். அப்பந்தயத்தில் முடிவில் ஹார்வர்ட்டே 12க்கு 11ஆக வென்றதாயினும், நூற்றிருபது ஆண்டு கழிந்தும் மனிதர் நகைத்துப் பேசுவது அந்தச் சட்டையைப் பற்றியே. அது வஞ்சனையா? அன்று. அக்காலத்து விதி அதனை விலக்கவில்லை. மைதானத்துள் இறங்கும் ஒவ்வொருவனும், என்னை இவ்வெல்லைக்குள் நீ ஏமாற்றலாம், நானும் உன்னை ஏமாற்றுவேன் என்று உடன்பட்டே இறங்குகின்றான். உடன்பட்ட எல்லைக்குட் செய்வது தந்திரம். எல்லைக்கு அப்பாற் போய், உடன்பட்டவன்போலவே முகங்காட்டி நின்று செய்வது வஞ்சனை. பிந்தியதில் ஏமாற்றப்படுவது எதிரியின் கண்ணன்று, அவன் கொடுத்த நம்பிக்கை.

மிஷன் கல்லூரியிற் பயின்ற எம்போல்வார்க்கு மைதானத்தில் முதன்முதற் கற்பிக்கப்பட்ட சொல் 'ஃபெயர் பிளே' என்பது. அச்சொல்லைக் கற்பித்தோர் அஃது ஒரு நாட்டாருக்கே உரிய சீதனம்போற் கற்பித்தனர். அதன் பொருளை ஆராய்ந்து கற்பித்தவரை யாம் கண்டிலேம். பண்பாக நடத்தல், பெருந்தன்மை என்று மட்டும் அதனைக் கொண்டால், வெல்ல வேண்டிய நெருக்கடி வந்தபோது அது தாங்காது. அதனடியில் ஒரு நியாயம் இருக்கின்றது.

அந்நியாயம் இது. களவெடுத்த பொன் பொன்னே. அதனை உருக்கலாம், விற்கலாம், கழுத்தில் அணியலாம். களவெடுத்தமையால் அதன் மாற்றுக் குறைவதில்லை. களவெடுத்த அரிசியும் வேகும், பசியாற்றும். ஆனாற் களவெடுத்த வெற்றி வெற்றியன்று. என்னை? வெற்றி ஒரு பண்டமன்று, ஒரு தீர்ப்பு. ஒரே நிபந்தனைகளின்கீழ் இருவர் முயன்றபோது இவன் அவனிற் சிறந்தான் என்னும் தீர்ப்பையே வெற்றி என்கின்றோம். நிபந்தனையை மறைவில் மாற்றிவிட்டால், வழக்கே நடவாதவிடத்து வெளியிடப்பட்ட தீர்ப்பாய் அது முடிகின்றது. கிண்ணம் உண்டு, கொடி உண்டு, ஏட்டில் எழுத்தும் உண்டு. இவை எதைக் குறிக்க ஏற்பட்டனவோ அது மட்டும் இல்லை. வெல்ல விரும்பி வஞ்சித்தவன், தான் விரும்பியதைத் தன் கையாலேயே அழித்துவிட்டு அதன் கூட்டை வைத்துக்கொண்டிருக்கின்றான்.

சம்பளமும் புகழும் உத்தியோகமும் பொன்னைப் போன்றன. அவை வஞ்சித்தாலுங் கிடைக்கும், செல்லும் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு மெய்யே. ஆதலின் பயனுடையதா என்னும் வினா இரண்டாகப் பிரிகின்றது. பொருள் வேண்டுவோனுக்குச் சில காலங்களிற் பயன் உண்டு. வெற்றி வேண்டுவோனுக்கு எக்காலத்தும் இல்லை. இனி, மைதானத்தில் நிற்போருள் யார் எதை வேண்டுகின்றனர் என்று பாருங்கள். பதினெட்டு இருபது வயதுடைய பிள்ளைகள் வெற்றியை வேண்டுகின்றனர். அவர்களை நடத்தும் பெரியோர் பொருளையும் வேண்டுகின்றனர். பெரியோர் வஞ்சிக்கும்போது, தமக்கு வேண்டியதைப் பெறுதற்பொருட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றார்கள். எதிரிகளிடம் எடுத்தது இருக்கட்டும். தம் பிள்ளைகளிடம் எடுத்ததே பெரிது. மிச்சிகன் பிள்ளைகளை நோக்குக. வேவு வெளிப்பட்டு, அவ்வூழியரும் நவம்பர் மாதத் தொடக்கத்தில் நீங்கியபின்னர், அவர்கள் ஒகையோவை 30க்கு 24ஆகவும், அலபாமாவை 27க்கு 20ஆகவும், வாஷிங்ரனை முற்கூறியவாறும் வென்றனர். தம் வலியாலேயே வென்றிருக்கலாம். ஆயினும் அப்பருவத்தைப் பேசுவோர் வேவையும் சேர்த்தே பேசுகின்றனர். பிள்ளைகள் தம் பங்கைப் பிரித்தெடுத்துக் காட்ட வழியில்லை. அவர்களுடைய உழைப்பிற் கலப்படஞ் செய்தவன் எதிரியல்லன்.

இவ்விடத்து இன்னொரு தடை எழும். விதியே அநீதியாயிருந்தால் என் செய்வது? பயிற்சியாசிரியர் இலட்சக்கணக்கில் வாங்க, எலும்பு முறிய ஆடும் பிள்ளைக்கு ஒரு காசுங் கொடுக்கலாகாதென்பது நீதியா? எமது கருத்தில் அது நீதியன்று. அந்நாட்டாரும் பின்னர் அவ்வாறே கண்டனர். 2021ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அல்ஸ்ரன் என்னும் முன்னாள் மாணாக்க ஆட்டக்காரர் பெயரால் வழங்கும் வழக்கில், உயர்தர நீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமுகமாய்ச் சங்கத்துக்கு எதிராகத் தீர்த்தனர். அடுத்த மாதந் தொடக்கம் ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பொருள் பெற இடமுண்டாயிற்று. 2025இல் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்படிக்கையின்படி சர்வகலாசாலைகள் தாமே நேராகப் பணங் கொடுக்கவும் தொடங்கின. புஷ் திருப்பிக் கொடுத்த பரிசு 2024ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் அவருக்கு மீள அளிக்கப்பட்டது. அவ்வாறாயின் டலஸ் நகரத்துச் செல்வர் காலத்துக்கு முந்திய நீதிமான்கள் என்று சொல்லிவிடலாமா? சொல்லல் ஆகாது. விதி அநீதி என்று கண்டவர் தம் பெயரிட்டு, வெளிச்சத்தில் நின்று, நீதிமன்றத்திற் போராடினர். போராட்டத்தின் பயன் பின் வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆயிற்று. செல்வரோ விதி பிறரைக் கட்டுவதாயும் தம்மைக் கட்டாததாயும் இருத்தலையே விரும்பினர். விதி ஒழிந்திருந்தால் அவர்களுடைய இலாபமும் ஒழிந்திருக்கும். எல்லாருந்தான் செய்கின்றார்கள் என்போருக்கும் இதுவே விடை. எல்லாரும் உடன்பட்டதாயின் மறைவு எதற்கு?

இனிக் கூறப்போவது மைதானத்தை விட்டு நம்முடைய வகுப்பறைக்கு வருகின்றது. ஆதலிற் சற்றே விரித்துக் கூறுவாம்.

1951ஆம் ஆண்டிலே, வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியிற் பரீட்சை வினாக்களை முன்னெழுதினோர் பின்னெழுதுவோர்க்கு மறைவாய் அறிவித்தமை கண்டுபிடிக்கப்பட்டு, ஏறக்குறையத் தொண்ணூறு மாணாக்கர் நீக்கப்பட்டனர். அவருள் முப்பதுக்கு மேற்பட்டோர் உதைபந்தாட்டக் குழுவினர். பயிற்சியாசிரியரின் மகனும் ஒருவன். முந்திய ஆண்டில் ஒரு பந்தயத்தில் மட்டுந் தோற்ற அக்குழு, அவ்வாண்டில் இரண்டில் மட்டும் வென்றது. அங்கே குற்றஞ் செய்தோர் மாணாக்கர்; ஆசிரியர் தண்டித்தனர்; கல்லூரி தன் நட்டத்தை ஏற்றது. வழக்கு எளிது.

வட கரோலைனாச் சர்வகலாசாலையில் நடந்தது அப்படிப்பட்டதன்று. சப்பல் ஹில் என்னும் ஊரிலுள்ள அது, அந்நாட்டின் அரசினர் சர்வகலாசாலைகளுள் முதன்முதல் மாணாக்கரை ஏற்றது. அங்கே 1993ஆம் ஆண்டு தொடக்கம் 2011ஆம் ஆண்டு வரையும், ஒரு பாடப்பகுதியின்கீழே, கூடாத வகுப்புகள் நடந்தன. நடந்தன என்பதுந் தவறு, ஏட்டில் இருந்தன. ஆசிரியர் வருவதில்லை, மாணாக்கர் வருவதில்லை. பருவ முடிவில் ஒரு கட்டுரை கொடுத்தாற் போதும். அக்கட்டுரைகளுக்குப் புள்ளியிட்டவர் நெடுங்காலமாக அப்பகுதியின் அலுவலகத்தைப் பார்த்துவந்த ஊழியர். கட்டுரை எத்தன்மையதாயினும் புள்ளி உயர்ந்ததே. மூவாயிரத்து நூறு மாணாக்கர் வரையில் இவ்வகுப்புகளிற் பதிந்தனர். அவருட் பாதிக்குச் சிறிது குறைந்தோர் விளையாட்டுக் குழுக்களைச் சார்ந்தவர். 2009இல் அவ்வூழியர் இளைப்பாறியபோது, இவ்வகுப்புகள் இல்லையாயின் தம் ஆட்டக்காரரின் புள்ளி வீழும் என்று மாணாக்க ஆலோசகர்கள் உதைபந்தாட்டப் பயிற்சியாசிரியர்க்குப் படம் வைத்து விளக்கினார்கள். இவையெல்லாம் 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வெளியான விசாரணை அறிக்கையிற் காணப்படுவன. 2017ஆம் ஆண்டிற் சங்கத்தார் தண்டனை விதிக்காது விட்டனர். விட்டதற்குக் காரணம், அவ்வகுப்புகள் ஆட்டக்காரர்க்கு மாத்திரமன்றி எல்லா மாணாக்கர்க்குந் திறந்திருந்தன என்பதாம். பொய் பொதுவாக வழங்கப்பட்டமையாற் குற்றமில்லையாயிற்று.

இவ்வரலாற்றில் எம்மைப் பெரிதுங் கலக்கியது ஒன்றுண்டு. அவ்வூழியர் கைலஞ்சத்துக்காக இதனைச் செய்யவில்லை. தாம் அங்கே படித்த காலத்தில் தமக்கு உதவியில்லாது துன்புற்றமையை நினைந்து, கல்வியிற் பின்னிற்கும் பிள்ளைகள்பால் இரக்கங் கொண்டே செய்தாரென்று அவ்வறிக்கை கூறுகின்றது. இரக்கம் நமக்கும் பழக்கமானதே. பரீட்சை நாளில் வறிய பிள்ளையின் விடைத்தாளை நோக்கும்போது சிவப்பு மை தயங்காத உபாத்தியாயர் யாவர்? ஆதலின் இதனைப் பேராசைக்காரர் குற்றமென்று ஒதுக்கிவிட்டுப் போக நம்மால் இயலாது.

ஆயினும் அப்பிள்ளைக்குக் கிடைத்தது யாதென நோக்குக. அக்காலத்து விதிப்படி ஆட்டக்காரன் பெற வேண்டிய கூலி கல்வியே. பணம் வேண்டா, கல்வி தருகின்றோம் என்பதே அவனுடன் செய்த ஒப்பந்தம். கல்லூரி ஆட்டக்காரருள் நூற்றுக்கு இருவர்கூடத் தொழில்முறைக் குழுக்களுக்குச் செல்வதில்லை என்பது சங்கத்தாரே கூறுவது. மற்றையோர் இருபத்திரண்டு வயதில், தேய்ந்த முழங்காலோடும் ஒரு பட்டத்தோடும் வீடு திரும்புவர். அந்தப் பட்டத்தின் உள்ளே ஒன்றுமில்லை. எலும்பு முறிய உழைத்தவனுக்குக் கள்ள நாணயத்திற் கூலி கொடுத்தனுப்பினார்கள்; கொடுத்தவர் ஆசிரியருலகத்தைச் சேர்ந்தவர்கள். மைதானத்தில் ஒரு பந்தயத்தைத் திருடினால் எதிரிக்குக் கிண்ணம் போகும். இங்கே போனது ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டு; அதனை எந்தச் சங்கமும் திருப்பி எழுத முடியாது. புள்ளியும் வெற்றியைப் போல ஒரு தீர்ப்பே ஆதலின், இரக்கத்தினாற் பொய்யாக இட்ட புள்ளி அவனுக்கு நாம் செய்த உதவியாவதில்லை; அவன் யாரிடம் உதவி கேட்கவேண்டுமென்று அறியும் வழியை அடைத்தலேயாகும்.

இனி, முன்னர் நினைவில் வைக்கச் சொல்லிய நான்கென்னும் எண்ணுக்கு வருவாம்.

1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் 6ஆம் திகதி கொலறாடோச் சர்வகலாசாலையும் மிசூரிச் சர்வகலாசாலையும் ஆடின. கடைசி நிமிஷத்தில், மிசூரியின் கோட்டருகே, முயற்சிகளை எண்ணுவோர் ஒன்றை எண்ணத் தவறினர், மத்தியஸ்தரும் அறிந்திலர். கொலறாடோக் குழு ஐந்தாவது முயற்சியிற் கோட்டைக் கடந்து, 33க்கு 31ஆக வென்றது. பிழை பின்னர் யாவர்க்குந் தெரிந்தது; வெற்றி விடப்படவில்லை. பயிற்சியாசிரியர் மக்கார்ட்னி மைதானம் வழுக்கியதென்று குறைகூறினார். அப்பருவ முடிவிற் கொலறாடோ தேசிய வெற்றிப்பட்டத்தின் ஒரு பாதியை அடைந்தது. எட்டாண்டு கழிந்து, 1998இல், மிசூரி மாகாணத்துக்குச் சென்றபோது அவர் தம் வருத்தத்தை வெளியிட்டார். அவர்கள் வஞ்சகரல்லர், பிழை செய்தவர் பிறர். பிறர் பிழையால் வந்ததை வைத்துக்கொண்டனர், அவ்வளவே. நம்மிற் பெரும்பாலோர் அதையே செய்வோம்.

அதற்கு ஐம்பதாண்டுகளுக்கு முன், 1940ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி, கோர்னெல் சர்வகலாசாலை டார்ட்மத் கல்லூரியை எதிர்த்து அதன் மைதானத்தில் ஆடிற்று. கோர்னெல் பதினெட்டுப் பந்தயங்களாகத் தோல்வி அறியாத குழு. நாட்டின் முதல்வரிசையில் வைத்து எண்ணப்பட்டது. டார்ட்மத் மூன்று புள்ளி பெற்று முன்னின்றது. கடைசிச் சில விநாடிகளிற் கோர்னெல் பந்தை எறிந்து கோட்டைக் கடந்து, 7க்கு 3ஆக வென்றது. மத்தியஸ்தர் ஃபிரீசெல் எண்ணிக்கையில் மயங்கியமையால் அதுவும் ஐந்தாவது முயற்சியாயிருந்தது. பந்தயம் முடிந்தபின் முடிவை மாற்றும் அதிகாரம் எவர்க்கும் இல்லை. மத்தியஸ்தர்க்கும் இல்லை, மேற்பார்த்த சபைக்கும் இல்லை. கோர்னெல் பயிற்சியாசிரியர் ஸ்னேவ்லியும் பிறரும் பந்தயத்தின் சலனப்படத்தைப் போட்டுப் பார்த்து எண்ணினர். ஐந்து என்பது தெளிவாயிற்று. ஃபிரீசெல்லும் தம் பிழையை ஒளியாது ஒப்புக்கொண்டார். உடனே கோர்னெல் டார்ட்மத்துக்குத் தந்தி அனுப்பிற்று: வெற்றி உங்களுடையது, எமது வாழ்த்து என்பது அதன் பொருள். டார்ட்மத் ஏற்றுக்கொண்டது. ஏட்டில் இன்றும் டார்ட்மத் 3, கோர்னெல் 0 என்றே இருக்கின்றது.

அதற்கடுத்த சனிக்கிழமை கோர்னெல் குழு பிலடெல்பியா நகருக்குச் சென்று பென்சில்வேனியாச் சர்வகலாசாலையோடு ஆடி, 22க்கு 20 என்ற கணக்கில் மறுபடியுந் தோற்றது.